ஆப்பிரிக்காவில் வேட்டை: எங்கே போவது, எவ்வளவு ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டெக்சாஸில் இருக்கிறேன். மான் சீசன் வந்தால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்புகிற ஆள். நமீபியாவுக்கு ஒரு தடவை, தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்துக்கு ஒரு தடவை வேட்டைக்குப் போய் வந்தேன். அது தெரிந்த நாளிலிருந்து இங்கேயும் கனடாவிலும் இருக்கிற நம்மவர்கள் யாராவது கூப்பிட்டு, சுற்றிச் சுற்றி அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கே எழுதிவிட்டேன். எல்லாக் கணக்கும் அமெரிக்க டாலரில்தான். நான் கொடுத்ததும் நான் பார்த்த விலைப்பட்டியல்களில் இருந்ததும்தான் இவை, பண்ணைக்குப் பண்ணை மாறும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், மொத்தம் எவ்வளவு ஆகும்?

சுட்டதை அங்கேயே விட்டுவிட்டு போட்டோவோடு திரும்பினால், விமான டிக்கெட் உட்பட ஐந்தாயிரத்துச் சொச்சத்தில் முடிக்கலாம். கொம்பையும் தோலையும் கொண்டுவந்து சுவரில் மாட்ட ஆசைப்பட்டால் பத்தாயிரத்தைத் தாண்டும்.

நமீபியாவில் எனக்கு வந்த கணக்கையே சொல்கிறேன். ஒரு நண்பரும் நானும் ஒரே வேட்டை வழிகாட்டியைப் பங்கு போட்டுக்கொண்டோம், ஆளுக்கு நாளைக்கு 280, ஏழு நாளுக்கு 1,960. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது அந்த எண் மட்டும்தான். அப்புறம் விலங்குகளுக்கு 2,200. துப்பாக்கி வாடகை 280. விமான நிலையத்திலிருந்து பண்ணைக்குப் போய்வர என் பங்கு 250. டிப்ஸ் 700. ஹூஸ்டனிலிருந்து பிராங்க்பர்ட் வழியாக நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக் போய்வர டிக்கெட் 1,900. விண்ட்ஹூக்கில் ஓர் இரவு தங்க 90, பயணக் காப்பீடு 150. கூட்டிப் பாருங்கள், 7,530. வீட்டுக்கு வந்து ஏழெட்டு மாதம் கழித்து, எல்லாம் மறந்துபோயிருந்த நேரத்தில் மரப்பெட்டி வந்தது, கூடவே பில்களும் வந்தன. அங்கே தோலைச் சுத்தம் செய்து பெட்டி கட்ட 450, சரக்குக் கட்டணம் 1,400, இங்கே சுங்க ஏஜென்டும் இதர செலவுகளும் 500, ஒரே ஒரு தலையைப் பாடம் செய்ய 1,200. ஆக 11,080. 1,960 என்று ஆரம்பித்த கதை.

அந்த ஊரில் பிக்கப் வண்டிக்கு 'பாக்கி' என்று பெயர். முதல் நாள் கேட்டபோது சிரித்தேன், கடைசி நாள் ராத்திரி சாப்பாட்டு மேசையில் பில்லை வைத்தபோது பொருத்தமான பெயர்தான் என்று பட்டது.

நாள் கட்டணம் என்பது என்ன, விலங்குக் கட்டணம் என்பது என்ன?

நாள் கட்டணத்தில் தங்குமிடம், சாப்பாடு, வழிகாட்டி, தடம் பார்க்கிறவர், வண்டி, தோல் உரிக்கிற வேலை எல்லாம் அடங்கும். பெரும்பாலும் பீர், ஒயின்கூட அடங்கும். விலங்குக் கட்டணம் தனி, அங்கே அதை டிராஃபி ஃபீ என்பார்கள். நம்மூர் ஓட்டல் மெனு கார்டு மாதிரி ஒரு பட்டியல் இருக்கும்: இம்பாலா மான் 350 முதல் 500, வார்ட்ஹாக் என்கிற காட்டுப்பன்றி 300 முதல் 450, ஸ்ப்ரிங்பாக் என்கிற சின்ன மான் ஏறக்குறைய அதே அளவு, நேர்க்கொம்பு ஜெம்ஸ்பாக் மான் நமீபியாவில் அறுநூறிலிருந்து தொள்ளாயிரம், மாடு மாதிரி இருக்கும் வில்டபீஸ்ட் மான் ஆயிரத்தை ஒட்டி, முறுக்குக் கொம்பு குடு மான் ஆண் என்றால் 1,800-இலிருந்து மூவாயிரம் வரை. சுட்டால்தான் காசு, சுடாவிட்டால் நாள் கட்டணத்தோடு போயிற்று.

அதனால் முதலில் நாளைக் குறிக்காதீர்கள், விலங்கைக் குறியுங்கள். ஒரு தாளில் கட்டாயம் வேண்டும் என்பது ஒன்று, கிடைத்தால் சரி என்பது இரண்டு, அதற்கு மேல் வேண்டாம் என்று எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் நாலாவது நாள் சாயங்காலம், வெயில் சாய்கிற நேரத்தில், பட்டியலிலேயே இல்லாத ஒரு வரிக்குதிரை நூறு மீட்டரில் திரும்பி நின்று உங்களைப் பார்க்கும், வழிகாட்டி காதோரம் 'வேண்டுமா?' என்று கேட்பார். அவர் ஏமாற்றவில்லை, அது அவர் தொழில். அந்த ஒரு கேள்விக்கு விலை ஆயிரம் டாலர். பயணத்தின் செலவைத் தீர்மானிப்பது இந்த மாதிரி இரண்டு மூன்று நிமிடங்கள்தான்.

ஏன் எல்லோரும் நமீபியா, தென்னாப்பிரிக்கா என்றே சொல்கிறீர்கள்? தான்சானியா, ஜாம்பியா ஆகாதா?

ஆகும், பணம் இருந்தால். வித்தியாசம் நிலத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 1991-இல் வந்த ஒரு சட்டம், முறையாக வேலி போட்ட நிலத்தில் இருக்கும் காட்டு விலங்கை நிலத்துக்காரரின் சொத்தாக ஏற்றுக்கொண்டது. நமீபியாவிலும் அறுபது, எழுபதுகளிலேயே பண்ணைக்காரர்களுக்கு அந்த மாதிரி உரிமை கிடைத்துவிட்டது. மாடு வளர்த்தவர்கள் மாட்டோடு மானையும் சேர்த்து வளர்த்தார்கள், அப்புறம் பலர் மாட்டையே விட்டுவிட்டார்கள். இப்போது ஆயிரக்கணக்கான பண்ணைகள் ஒன்றோடொன்று போட்டி போடுவதால் விலை நம் கைக்கு எட்டுகிறது, விமான நிலையத்திலிருந்து நாலைந்து மணி நேரத்தில் காரிலேயே போய்விடலாம், முகாமுக்கு மின்சாரம் இருக்கும்.

தான்சானியாவில் விலங்கு அரசுடையது. பெரிய பெரிய காட்டுப் பகுதிகளைக் கம்பெனிகள் அரசிடம் குத்தகைக்கு எடுக்கின்றன, சில விலங்குகளுக்கு 21 நாள் வேட்டை கட்டாயம், முகாமுக்குப் போகவே சின்ன விமானம் வைக்க வேண்டும். ஒரு நாள் கட்டணமே இரண்டாயிரம் டாலர் போகும். கென்யாவில் 1977-இலிருந்து வேட்டைக்குத் தடை. போட்ஸ்வானா 2014-இல் தடை போட்டது, 2019-இல் எடுத்தது, அங்கே முக்கியமாக யானைதான், அது வேறு கணக்கு.

சிங்கம், யானை, காட்டெருமை?

சல்லிசான வேட்டை என்று தேடி வந்தவர் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது! கேப் எருமை மட்டும் ஒன்பதாயிரம், பத்தாயிரத்தில் ஆரம்பிக்கும். சிறுத்தை, யானை எல்லாம் நல்ல கார் வாங்குகிற காசு. தென்னாப்பிரிக்காவில் 'சிங்கம் மலிவாக' என்று யாராவது சொன்னால், அது கூண்டில் வளர்த்து வேட்டைக்காகவே திறந்துவிட்ட சிங்கம். அந்த நாட்டு வேட்டைக்காரர்களிலேயே பலர் அதை வேட்டை என்று ஒப்புக்கொள்வதில்லை. போகாதீர்கள்.

'ஏழு நாள், ஐந்து விலங்கு, எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம்' என்று பேக்கேஜ் வருகிறதே, எடுக்கலாமா?

முதல் தடவை போகிறவருக்கு நல்லதுதான், செலவு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆனால் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, பட்டியலில் ஒன்றைச் சுடவில்லை என்றால் பணம் குறையுமா? பெரும்பாலும் குறையாது, அதனால் கடைசி நாள் அவசரம் அவசரமாக எதையாவது சுட வைப்பார்கள். இரண்டு, கொம்பு இத்தனை அங்குலத்துக்கு மேல் போனால் கூடுதல் காசு என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கிறதா? மூன்று, வாட் வரி சேர்ந்ததா? தென்னாப்பிரிக்காவில் அது 15 சதவீதம், நாள் கட்டணத்தின் மேல் விழும்போது உறைக்கும்.

இன்னொரு வழி எனக்குப் பிடித்தது. எண்ணிக்கையைக் குறைக்கப் பண்ணைக்காரர்கள் வருஷா வருஷம் எப்படியும் சுட்டாக வேண்டிய பெண் மான்கள், கொம்பு உடைந்தவை, கிழங்கள் இருக்கும். அவற்றை மூன்றில் ஒரு பங்கு விலைக்கே கொடுப்பார்கள். கிழக்குக் கேப்பில் நான் செய்தது இதுதான்: ஐந்து நாள், கொம்பு சரியில்லாத பிளெஸ்பாக் மான் இரண்டு, ஸ்ப்ரிங்பாக் இரண்டு, ஒரு பெண் குடு, ஒரு வார்ட்ஹாக். விலங்குகளுக்கு மொத்தம் 1,450, நாள் கட்டணம் 1,250, துப்பாக்கி வாடகை 250, டிப்ஸ் 400, வண்டி 100, டிக்கெட் 1,700. 5,150-இல் முடிந்தது. ஊர்ந்து போவதும் காற்று மாறி ஏமாறுவதும் பெண் குடுவுக்கும் ஒன்றுதான், சொல்லப்போனால் அவள் ஆணைவிட உஷார். நமீபியாவில் ஏழு நாளில் நடந்ததைவிட இங்கே ஐந்து நாளில் அதிகம் நடந்தேன்.

வேலிக்குள் சுடுவது எப்படி வேட்டையாகும்?

வேலியின் உயரத்தைவிடப் பரப்பைக் கேளுங்கள். இருநூறு ஹெக்டேரில் உயரமான வேலி என்றால் அது தொழுவம். ஐயாயிரம், பத்தாயிரம் ஹெக்டேர், உள்ளே மலையும் முள்காடும் என்றால் ஒரு வாரத்தில் வேலியை இரண்டு தடவை பார்ப்பீர்கள், அதுவும் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும். நமீபியாவில் சாதாரண மாட்டு வேலி மட்டும் உள்ள பண்ணைகள் நிறைய, குடுவும் வார்ட்ஹாக்கும் அவற்றைச் சட்டை செய்வதே இல்லை, ஒன்று தாண்டும், மற்றது அடியில் தோண்டிப் போகும். தங்க நிற வில்டபீஸ்ட், கறுப்பு இம்பாலா என்று நிறம் நிறமாகப் பட்டியல் போட்டிருந்தால் அது இனப்பெருக்கப் பண்ணை என்று புரிந்துகொள்ளுங்கள். எனக்கு அதில் ருசி இல்லை.

காயம்பட்டு ஓடிவிட்டால் காசு கொடுக்க வேண்டுமா?

கொடுக்க வேண்டும், முழுதாக. ஒரு சொட்டு ரத்தம் கண்டால் அந்த விலங்கு உங்கள் கணக்கில் ஏறிவிடும், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். என் 2,200-இல் 700 அப்படிப் போனதுதான்.

சிவப்பு ஹார்ட்டிபீஸ்ட் என்கிற பெரிய மான், காலை பத்து மணி, ஏறக்குறைய 180 மீட்டர். நான் வீட்டில் பயிற்சி செய்தது எல்லாம் மேசையில் மணல் மூட்டை வைத்து. அங்கே எல்லாச் சூடும் நின்றுகொண்டு, மூன்று கால் கம்பின் மேல் துப்பாக்கியை வைத்துத்தான். மூச்சு வாங்கிக்கொண்டே அவசரப்பட்டேன், குண்டு பின்னால் தள்ளிப் பட்டது. தடம் பார்க்கிறவர் ஐம்பது வயதுக்காரர். சாம்பல் நிறக் கல் ஒன்றின் மேல் குன்றிமணி அளவு ரத்தம், அதைக் காட்டிவிட்டு, பையிலிருந்து கழிப்பறைத் தாளை எடுத்து ஒரு துண்டு கிள்ளிப் பக்கத்து முள்ளில் குத்தினார். அடுத்த சொட்டு இருபது அடி தள்ளி, அங்கே ஒரு துண்டு. திரும்பிப் பார்த்தால் வெள்ளைத் துண்டுகள் வரிசையாக, விலங்கு போன திசை கோடு போட்ட மாதிரி தெரியும். மத்தியானச் சாப்பாடு இல்லை. மூன்று மணிக்குப் பாறை நிலம் வந்தது, ரத்தம் நின்றது, அவர் அப்போதும் விடவில்லை, ஒரு கூழாங்கல் புரண்டு கிடப்பதைப் பார்த்து நடந்தார். இருட்டும்வரை தேடினோம். கிடைக்கவில்லை. மறுநாளும் காலையில் கழுகு வட்டமிடுகிறதா என்று பார்த்தோம். ஒருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை.

அதனால் நீங்கள் செலவழிக்கும் முதல் ஐம்பது டாலர் ஒரு மூன்று கால் கம்புக்காக இருக்கட்டும். நின்றுகொண்டு, நூறு, நூற்றைம்பது மீட்டரில், ஒரு இருநூறு தோட்டாவாவது சுட்டுப் பழகிவிட்டுப் போங்கள். இன்னொன்று, ஆப்பிரிக்க மான்களுக்கு இதயமும் நுரையீரலும் நம் டெக்சாஸ் மானைவிட முன்னாலும் கீழேயும் இருக்கும். முன்னங்காலை நேராகத் தொடர்ந்து மேலே போய் உடம்பின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்துங்கள். இங்கே பழகிய 'தோளுக்குப் பின்னால்' அங்கே வயிற்றில் போய் விழும்.

என் சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோகலாமா?

போகலாம், நான் போகவில்லை. தென்னாப்பிரிக்காவுக்கு என்றால் போலீஸின் 520-ஆம் எண் படிவம், பண்ணைக்காரரின் அழைப்புக் கடிதம், அமெரிக்கச் சுங்கத்தின் 4457 படிவம் எல்லாம் வேண்டும், ஒரு துப்பாக்கிக்கு இருநூறு தோட்டாவுக்கு மேல் கூடாது. 520 படிவத்தைக் கறுப்பு மையில் நிரப்ப வேண்டும், கையெழுத்தை ஜொகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் அதிகாரி முன்னால்தான் போட வேண்டும், வீட்டிலேயே போட்டுவிட்டு வந்து திண்டாடியவர்களை எனக்குத் தெரியும். நமீபியாவில் இந்த வேலை சுலபம், இறங்கியதும் விமான நிலையத்திலேயே தற்காலிக அனுமதி கொடுத்துவிடுவார்கள். தானியங்கித் துப்பாக்கியைப் பற்றி இரண்டு ஊரிலும் யோசிக்கவே வேண்டாம். வழியில் ஐரோப்பாவில் விமானம் மாறினால் அந்த நாட்டு விதியையும் விமானக் கம்பெனி வாங்குகிற துப்பாக்கிக் கட்டணத்தையும் பாருங்கள்.

நாளைக்கு நாற்பது, ஐம்பது டாலர் வாடகையில் நல்ல .308 அல்லது .30-06 ரகத் துப்பாக்கி கிடைக்கும், மானுக்கு அது ஏராளம். சிலவற்றில் சத்தம் அடக்கியும் போட்டிருப்பார்கள். முதல் நாள் பண்ணையில் தாளில் மூன்று சூடு சுட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் போதும். நமீபியாவில் ஸ்ப்ரிங்பாக் மாதிரிச் சின்ன மானுக்கு 1,350 ஜூல், குடு, ஜெம்ஸ்பாக்குக்கு 2,700, எருமைக்கு 5,400 என்று குண்டின் ஆற்றலுக்கே சட்டத்தில் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறார்கள். வாடகைத் துப்பாக்கி என்றால் அந்தக் கவலை அவர்களுடையது.

கொம்பு, தோல் கொண்டுவருவது அவ்வளவு செலவா? அங்கேயே பாடம் செய்தால் மலிவாமே?

பாடம் செய்கிற கூலி அங்கே பாதிதான். ஆனால் உப்பிட்ட தோலும் மண்டையோடும் சின்னப் பெட்டிக்குள் அடங்கிவிடும், பாடம் செய்த தலைகளுக்கு அலமாரி அளவு பெட்டி வேண்டும், சரக்குக் கட்டணத்தில் மிச்சமெல்லாம் கரைந்துவிடும். இரண்டுக்கும் விலை கேட்டு, வீட்டு வாசல் வரையான மொத்தத்தை ஒப்பிடுங்கள். அமெரிக்காவுக்குள் வரும்போது வனவிலங்குத் துறையின் 3-177 படிவம் உண்டு. பாடம் செய்யாத மான், பன்றிச் சரக்கு வேளாண்மைத் துறை அங்கீகரித்த கூடத்துக்குத்தான் முதலில் போக வேண்டும், நேரே உங்கள் கராஜுக்கு வராது. மலை வரிக்குதிரை மாதிரி சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கும் விலங்குகளுக்குத் தனி அனுமதித் தாள் வேண்டும், அதற்கும் காசு.

நான் இப்போது சொல்வது: ஒன்றே ஒன்று கொண்டுவாருங்கள், அதையும் வெறும் மண்டையோடும் கொம்புமாக. ஜெம்ஸ்பாக் அதற்கு ஏற்றது, நெடுநெடுவென்று இரண்டு ஈட்டி. அதில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு, ஆணைவிட நீளமாகவே இருக்கும், கொஞ்சம் ஒல்லி, அவ்வளவுதான்.

கறி என்ன ஆகும்?

உங்களுக்குக் கிடையாது, ஊருக்குக் கொண்டுவரவும் முடியாது. ராத்திரி முகாமில் சாப்பிடலாம், ஜெம்ஸ்பாக் கறி அருமை. மிச்சம் பண்ணை வேலைக்காரர்களுக்குப் போகும், கசாப்புக் கடைக்குப் போகும், பில்டாங் என்கிற உப்புக்கண்டம் ஆகும். நம்மூர் உப்புக்கண்டத்தில் கொத்தமல்லி விதையும் வினிகரும் சேர்த்தால் எப்படி இருக்குமோ அப்படி.

நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?

நமீபியாவில் அரசாங்கத்திடம் பதிவு செய்த வழிகாட்டி இல்லாமல் வெளிநாட்டுக்காரர் வேட்டையாடவே முடியாது, ஒவ்வொரு வேட்டைக்காரருக்கும் பெயர் போட்ட அனுமதி எடுக்க வேண்டும், ஓர் இனத்தில் வருஷத்துக்கு இரண்டுக்கு மேல் கிடையாது. பதிவு எண்ணைக் கேளுங்கள், தயங்கினால் விலகுங்கள். அங்கே நமீபியத் தொழில்முறை வேட்டையாளர் சங்கம் 1974-இலிருந்து இருக்கிறது, அதில் உறுப்பினரா என்றும் பாருங்கள்.

அப்புறம் போனில் பேசுங்கள், மின்னஞ்சல் போதாது. நிலம் சொந்தமா, பக்கத்துப் பண்ணைக்குக் கூட்டிப்போவாரா, அப்படிப் போனால் நாளைக்கு எத்தனை மணி நேரம் வண்டியில் போகும், ஒரே சமயத்தில் எத்தனை வேட்டைக்காரர்கள் இருப்பார்கள். முன்னால் போனவர்கள் பெயர் கேட்டால் மகிழ்ச்சியாகத் திரும்பியவர்களைத்தான் கொடுப்பார். 'நினைத்தது கிடைக்காமல் போனவர் ஒருவர் நம்பர் கொடுங்கள்' என்று கேளுங்கள். நல்ல ஆளாக இருந்தால் சிரித்துக்கொண்டே கொடுப்பார். அட்வான்ஸ் முப்பதிலிருந்து ஐம்பது சதவீதம் சகஜம், முழுப் பணமும் முன்னாலேயே கேட்டால் வேண்டாம். ஏஜென்ட் வழியாகப் போனால் அவருடைய கமிஷனைப் பெரும்பாலும் பண்ணைக்காரரே கொடுக்கிறார், உங்களுக்கு விலை ஏறாது. கடைசி நேரத்தில் யாராவது ரத்து செய்த இடம் என்றால் இருபது சதவீதம் வரை குறைப்பார்கள், லீவு சட்டென்று போட முடிகிறவர்களுக்கு இதைவிட மலிவான வழி இல்லை.

விருந்தில் ஏலம் விடுகிற 'இலவச வேட்டை'?

வேட்டைச் சங்கங்களின் விருந்துகளில் இது வழக்கம். நன்கொடையாக வருவது நாள் கட்டணம் மட்டும், பெரும்பாலும் இரண்டு பேருக்கு ஐந்து நாள். விலங்குக் கட்டணம், கூடுதல் நாள், கூட வருகிறவர் செலவு எல்லாம் நம் தலையில். கெட்டதல்ல, கையில் விலைப்பட்டியல் இல்லாமல் கையைத் தூக்காதீர்கள்.

எந்த மாதம்?

மே முதல் ஆகஸ்டு. அங்கே அது குளிர்காலம், இலை உதிர்ந்து கண்ணுக்குத் தெரியும், கொசு குறைவு. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து அரைக்கைச் சட்டையோடு போனவன் நான். ஜூலையில் விண்ட்ஹூக் பக்கம் காலை ஆறு மணிக்குத் திறந்த வண்டியில் பின்னால் நின்றால் காது உதிர்ந்துவிடும், குரங்குக் குல்லாய் நினைவுக்கு வந்தது. மத்தியானம் இருபத்திரண்டு டிகிரி. நடு நமீபியாவிலும் கிழக்குக் கேப்பிலும் மலேரியாப் பயம் இல்லை. தென்னாப்பிரிக்காவின் வடக்கே லிம்போபோ மாகாணத்தின் தாழ்நிலம் என்றால் டாக்டரைக் கேட்டு மாத்திரை வாங்குங்கள்.

மனைவியும் வருகிறாள், சைவம். சரிப்படுமா?

வேட்டையாடாமல் கூட வருகிறவருக்கு நாளைக்கு 120, 150 ஆகும். சாப்பாட்டை முன்கூட்டியே, விளக்கமாக, இரண்டு தடவை சொல்லுங்கள். நாங்கள் ஒரு தடவைதான் சொன்னோம். முதல் நாள் ராத்திரி சமையல்கார அம்மா பெருமையோடு கொண்டுவந்து வைத்தது கோழி. அங்கே கறி என்றால் சிவப்புக் கறிதான் போலிருக்கிறது. அப்புறம் சோளமாவுக் களியும் பூசணியும் கீரையுமாக ஒழுங்காக நடந்தது, நாங்கள் கொண்டுபோன பருப்புப்பொடியை அந்த அம்மாவே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். துணி தினமும் துவைத்துக் கொடுப்பார்கள், மூன்று செட் போதும்.

இந்தியாவிலிருந்து நேரே போகலாமா?

விசா எடுத்துக்கொண்டு, துப்பாக்கியை அங்கேயே வாடகைக்கு எடுத்தால் போய் வேட்டையாடலாம். ஆனால் கொம்பு, தோல் எதையும் இந்தியாவுக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள், காட்டு விலங்கையும் அதன் உறுப்புகளையும் இறக்குமதி செய்வதை நம் இறக்குமதிக் கொள்கை தடுக்கிறது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தலைக்கு மேல் நிற்கிறது. போட்டோவோடு திரும்புங்கள்.

காசு கொடுத்து உயிரைக் கொல்வது உங்களுக்கு உறுத்தவில்லையா?

அந்த ஹார்ட்டிபீஸ்ட் இன்னும் உறுத்துகிறது. மற்றவை இல்லை. நமீபியாவில் 1996-இல் சட்டம் திருத்தி, பொது நிலத்தில் வாழும் ஊர்மக்களே சேர்ந்து காட்டை நிர்வகிக்கவும் வேட்டை, சுற்றுலா வருமானத்தை வைத்துக்கொள்ளவும் வழி செய்தார்கள், இப்போது அப்படி எண்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. மானுக்கு விலை இல்லாத இடத்தில் மாடும் ஆடும் வந்துவிடும் என்பது அங்கே எல்லோரும் சொல்வது, நான் பார்த்தவரை சரியாகவே படுகிறது. கென்யா வேட்டையே இல்லாமல் காட்டை நடத்துகிறது, அதற்கும் வாதம் இருக்கிறது. உங்களுக்கு மனது ஒப்பவில்லை என்றால் கேமராவோடு போங்கள், நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவில் சொந்தமாகக் கார் ஓட்டிப் பார்க்க இதில் பாதிச் செலவுகூட ஆகாது.

டிப்ஸ் யாருக்கு, எவ்வளவு?

வழிகாட்டிக்கு நாளைக்கு எழுபதிலிருந்து நூறு, தடம் பார்க்கிறவருக்குப் பத்திலிருந்து இருபது, தோல் உரிக்கிறவர், சமையல், வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள், மருத்துவக் காப்பீட்டிலும். மொத்தமாக முதலாளி கையில் கொடுக்காமல், ஊரிலிருந்தே சின்ன உறைகள் கொண்டுபோய்ப் பெயர் எழுதி, ஒவ்வொருவர் கையிலும் நீங்களே கொடுங்கள். நோட்டு கிழியாத புது நோட்டாக இருக்கட்டும், பழைய டாலரை வங்கியில் வாங்க மறுக்கிறார்களாம். தடம் பார்ப்பவருக்கு நான் உறையோடு என் பைனாகுலரையும் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பிடித்து ஒரு தடவை என்னைப் பார்த்தார், அப்புறம் சரியாகப் பிடித்து அந்தப் பாறை மேட்டுப் பக்கம் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.